முன்கூட்டிய கௌரவம்

1

பட்டம் பெற்று வெளியேறிய சில வருஷங்களுக்குள் ஒருவர் செய்து காட்டியதற்காக, அவர் படித்த பல்கலைக்கழகமே அவரைத் திரும்ப அழைத்துக் கௌரவிப்பது இப்போது பரவலாகிவிட்ட வழக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கடைசிப் பத்து வருஷத்துப் பட்டதாரிகள் ஒரு தனி வகுப்பு. அந்த வகுப்பைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'தங்கம்' என்று பொருள்படும் சொல் வரும். அப்படியே அவர்களை அழைக்கிறார்கள். அந்தத் தங்கத்திலிருந்து வருஷா வருஷம் சிலரைப் பொறுக்கி எடுத்து விருது கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் மும்பை, கான்பூர் ஐ.ஐ.டி.களில் இளம் முன்னாள் மாணவருக்கென்றே விருதுகள் உண்டு.

இதைச் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடலாம். விருது தருகிறவர்களுக்கு விளம்பரம், பெறுகிறவர்களுக்குச் சந்தோஷம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளம் வயதில் ஒருவரைக் கௌரவிக்கும்போது நாம் கௌரவிப்பது எதை? அவர் செய்ததையா, செய்யப்போவதையா? இவை இரண்டும் ஒன்று என்பது போன்ற ஒரு பிரமையை மேடைப் பேச்சு உண்டாக்கிவிடுகிறது. பாராட்டுரை இறந்தகாலத்தில் ஆரம்பித்து எதிர்காலத்தில் முடிகிறது. இந்தக் கால மயக்கத்தில் ஒரு தார்மீகப் பிரச்சினை இருக்கிறது.

2

இந்த மயக்கத்தை ஒளிக்காமல் சொன்னவர் கனடாவின் கணித அறிஞர் ஜே.சி. ஃபீல்ட்ஸ். தன் பெயரால் பின்னர் வழங்கப்பட்ட பதக்கம், செய்து முடித்த வேலைக்கு அங்கீகாரமாகவும் மேலும் செய்வதற்குத் தூண்டுதலாகவும் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். முதல் பதக்கங்கள் 1936இல் வழங்கப்பட்டன. பெறுகிறவர் நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது என்ற விதி பிற்பாடு உறுதிப்பட்டது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸ் அந்த வயதைத் தாண்டிவிட்டிருந்ததால், 1998இல் அவருக்குப் பதக்கத்திற்குப் பதில் ஒரு வெள்ளித் தகடு கொடுத்தார்கள்.

வேலைக்கு அங்கீகாரம் என்பதில் சிக்கல் இல்லை. வேலை கண்ணெதிரே இருக்கிறது. அதைப் படிக்கலாம், மறுக்கலாம், இன்னொருவர் வேலையோடு ஒப்பிடலாம். வருங்காலத்திற்குத் தூண்டுதல் என்னும்போது நாம் வேறு காரியத்தில் இறங்குகிறோம். ஒரு மனிதரின் இனி வரும் வாழ்க்கையைப் பற்றி அவரைக் கேட்காமலே ஒரு முடிவுக்கு வருகிறோம்.

வங்கியில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் எனக்கு இது கல்விக்கடனை நினைவூட்டுகிறது. அதுவும் எதிர்காலத்தின்மேல் கொடுக்கப்படுவதுதான். நாலு லட்ச ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. படிப்பை முடித்து ஒரு வருஷம் வரை தவணை தொடங்குவதில்லை. பையனோ பெண்ணோ சம்பாதிப்பார் என்ற நம்பிக்கையில் பணம் போகிறது. ஆனால் அங்கே மாணவர் கையெழுத்துப் போடுகிறார், தகப்பனாரோ தாயாரோ கூட வந்து கையெழுத்துப் போடுகிறார். தொகை எவ்வளவு, வட்டி என்ன, எத்தனை தவணை என்று காகிதத்தில் இருக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு ஊரில் மாடு வளர்த்தாலும் கேட்பதற்கு நாங்கள் யாருமில்லை.

'நாளைய மேதை' என்று ஒருவரை மேடையில் சொல்லும்போதும் ஒரு கடன் கொடுக்கப்படுகிறது. வாங்கியவர் கையெழுத்துப் போடவில்லை. தொகை சொல்லப்படவில்லை. எதைச் செய்தால் அது தீரும் என்று அவருக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. இருபத்தைந்து வயதில் இப்படிக் கடன்பட்டவர் நாற்பதில் ஒரு சாதாரண ஆசிரியராக, நல்ல தகப்பனாக, நாணயமான மனிதராக இருந்தால், எதிர்பார்த்த அளவு வரவில்லையே என்று பேசுகிறோம். அவர் யாருக்கும் எதையும் வாக்களிக்கவில்லை. வாக்களித்தது நாம், தவறியவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு.

3

எதிர்காலத்தைக் கணிப்பதில் ஸ்தாபனங்களுக்குச் சாமர்த்தியம் உண்டா என்று பார்த்தாலும் விடை தெளிவாக இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர் கவிதைக்கு வழங்கப்படும் நியூடிகேட் பரிசை 1839இல் ரஸ்கினும், 1843இல் மாத்யூ அர்னால்டும், 1878இல் ஆஸ்கார் வைல்டும் பெற்றார்கள். கேம்பிரிட்ஜில் 1829இல் டென்னிசன் பதக்கம் வாங்கினார். ஆட்களைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பரிசு பெற்ற அந்தக் கவிதைகளுக்காக இவர்களை இன்று யாரும் படிப்பதில்லை. அதே பரிசுகளைப் பெற்ற மற்றவர்களில் பலருடைய பெயர் பட்டியலில் மட்டும் இருக்கிறது. நாலு பெயர்களை வைத்துக்கொண்டு பட்டியல் முழுவதும் தீர்க்கதரிசனம் என்று கொண்டாட முடியாது.

பட்டியலில் வரவே முடியாதவர்கள் இன்னொரு பக்கம். ஏ.இ. ஹவுஸ்மன் 1881இல் ஆக்ஸ்ஃபோர்டின் இறுதித் தேர்வில் தோற்றார். அடுத்த வருஷத்திலிருந்து பத்து வருஷம் லண்டனில் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை முடிந்த பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து லத்தீன், கிரேக்க மூலங்களைப் படித்தார். பாடபேதங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1892இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் அவரை லத்தீன் பேராசிரியராக எடுத்துக்கொண்டது. 1881இல் தோற்றதை அவர் தன் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். 1886 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு தன் இளம் பட்டதாரிகளில் சாதித்தவர்களைத் தேடியிருந்தால் அந்தக் குமாஸ்தாவின் மேஜைப் பக்கம் யாரும் வந்திருக்க மாட்டார்கள். லண்டன்காரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தது நம்பிக்கை தருகிறார் என்பதற்காக அல்ல. கட்டுரைகள் அச்சில் இருந்தன. அவற்றின் மதிப்பைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

4

பத்து வருஷம் என்ற கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோருடைய பத்து வருஷமும் ஒரே நீளம் உடையதல்ல. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவருக்கு முதல் ஐந்து வருஷம் கடனுக்கும் தங்கை கல்யாணத்திற்கும் போய்விடுகிறது. பெண்களுக்கு அந்தப் பத்து வருஷத்திற்குள்தான் கல்யாணம், பிரசவம், கைக்குழந்தை எல்லாம். இந்த வருஷங்களைத் தன் வேலைக்காக மட்டும் செலவழிக்க முடிந்தவர்கள் யார்? முன்னதாகச் செய்தார் என்று நாம் மெச்சுவதில் ஒரு பங்கு திறமையாக இருக்கும். இன்னொரு பங்கு, வீட்டில் வேறு யாரோ சுமந்த சுமையாக இருக்கும். அந்தச் சுமைக்குப் பாராட்டுரையில் ஒரு வரி கிடையாது.

5

அப்படியானால் காத்திருப்பதுதான் நியாயமா? இந்த இடத்தில் நம்முடைய சொந்த வழக்கத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது. தமிழில் கௌரவம் பொதுவாக மணிவிழாவோடு வருகிறது. அறுபது வயதில் பொன்னாடை, பொற்கிழி, மலர். அதற்கு முன் ஆள் போய்விட்டால் இரங்கல் கூட்டம். புதுமைப்பித்தன் 1948இல் 42 வயதில் இறந்தார். பாரதிக்குக் கிடைத்தது முப்பத்தெட்டு வருஷம். மணிவிழாவை நம்பியிருக்கும் ஒரு மரபு இவர்களை உயிரோடு சந்திக்கவே முடியாது. காத்திருப்பதற்கும் வசதி வேண்டும். நிலம், வாடகை, ஓய்வூதியம் இவற்றில் ஒன்று இல்லாதவர்களைப் பார்த்து, காலம் தீர்ப்புச் சொல்லும், பொறு என்பது கொடுமை. காலம் தீர்ப்புச் சொல்வதற்குள் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஆக, இளம் வயதில் கௌரவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எந்த உருவத்தில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

1936இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற இருவரில் ஒருவர் ஃபின்லாந்தின் லார்ஸ் ஆல்ஃபோர்ஸ். போர்க்காலத்தில் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது மிகக் கொஞ்சம் பணந்தான் எடுத்துச் செல்ல அனுமதி. பதக்கத்தை மறைத்து எடுத்துச் சென்று, ஸ்வீடனில் ஓர் அடகுக்கடையில் வைத்துப் பணம் வாங்கினார். பின்னால் அது மீட்கப்பட்டது. நகைக்கடன் மேஜையில் இருக்கும் எவனுக்கும் இது புரியும். தங்கம் தங்கமாக உதவியது. பதக்கத்தின் வாசகத்தை அடகுக்கடைக்காரர் எடைபோடவில்லை. கௌரவம் பெறுகிறவருக்குப் பயன்படக்கூடிய பண்டமாக இருப்பதில் கேவலம் ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

இதைவிடத் தெளிவான உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ராமானுஜன் எஃப்.ஏ. தேறாதவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி முதலில் செய்த காரியம் உட்கார்ந்து படித்தது. பிறகு எழுதிய பதிலில் நிரூபணங்களை அனுப்பச் சொன்னார். பெயர் தெரியாத ஒரு குமாஸ்தாவிடம் நிரூபணம் கேட்பதைவிடப் பெரிய மரியாதை எது? அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு இரண்டு வருஷத்திற்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்திற்கு ஒரு தடவை, செய்த வேலையைப் பற்றி ஓர் அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். அங்கே ராமானுஜன் நாளை என்ன ஆவார் என்று யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய பகல் பொழுதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜார்ஜ் போர்ஹாஸ், கிர்க் டோரன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர்கள் அதற்குப் பிறகு, பெறத் தவறிய சமமான திறமைசாலிகளைவிடக் குறைவாகவே கட்டுரைகள் எழுதினார்கள் என்று காட்டுகிறது. ஒரு காரணம், அவர்கள் பழக்கமில்லாத துறைகளில் நுழைந்து பார்த்தது. கடன் கொடுத்தவரின் கண்ணால் பார்த்தால் இது நஷ்டம். எனக்கு இது விருதின் மிக நல்ல விளைவாகப் படுகிறது. அவர்கள் தங்களுக்குக் கிடைத்த நேரத்தைத் தங்கள் இஷ்டப்படி செலவு செய்திருக்கிறார்கள்.

6

நம் வட்டத்துக்கு வருவோம். சாகித்திய அகாதெமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு யுவ புரஸ்கார் வழங்குகிறது. ஒவ்வொரு தடவையும் யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று நமக்குள் பேச்சு நடக்கிறது. விருது பெற்ற புத்தகத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம் என்று எண்ணினால், பேச்சின் அளவுக்கு எழுத்து இல்லை என்பது தெரியும்.

முதல் தொகுப்புகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு: நம்பிக்கை தரும் இளம் கவிஞர். பார்வைக்கு இது பெருந்தன்மை. இந்தக் கவிதை இப்போது நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை இது அடுத்த தொகுப்புக்குத் தள்ளிவைத்துவிடுகிறது. கவிதை இறந்தகாலத்தில் முடிந்து கையில் இருக்கிறது. விமர்சகர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார். படிக்காமலே கூட இந்த வாசகத்தை எழுத முடியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஒரு இளம் எழுத்தாளருக்கு நாம் தரக்கூடிய கௌரவம் பணச் செலவில்லாதது. புத்தகம் வெளிவந்த வருஷத்திற்குள் அதைப் படித்து, எந்தக் கவிதை நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்று பெயர் போட்டு எழுதுவது. ஐம்பது வயதுக்காரரின் புத்தகத்திற்குக் காட்டும் அதே கறார், அதே கவனம். இனி அவர் எழுதுவாரா என்பது அவர் விஷயம். ஒரே ஒரு நல்ல தொகுப்போடு நிறுத்திக்கொண்டாலும் அவர் நமக்கு எதுவும் பாக்கி வைத்தவராக மாட்டார். அந்தத் தொகுப்பு நல்லது என்று அது வந்தபோதே சொல்லியிருந்தோமா என்பதற்கு மட்டும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.