உன் ஆயிரம் எங்கே போனது?

மாதம் பிறந்தால் உன் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறுகிறது. எங்கே அது?

யோசி. பத்து நாளில் காலி! எதற்குச் செலவானது என்று சொல்ல முடிகிறதா?

2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 9-ல் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி வாசல் மிதித்த உனக்கு, உன் பெயரில், உன் கணக்கில், மாதம் 1,000 ரூபாய்.

உன் தாத்தாவுக்கு யார் கொடுத்தார்கள் இப்படி?

மூன்று வருடப் படிப்புக்குப் பெருக்கிப் பார். 36,000 ரூபாய்! பாதியை ஒதுக்கினால் பட்டம் வாங்கும்போது கையில் 18,000 இருக்கும்.

"ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும்?" என்கிறாயா?

அதை உன் அம்மாவிடம் கேள்!

கடையத்தில், ஆலங்குளத்தில் எத்தனை திண்ணைகளில் பீடித்தட்டு மடியேறுகிறது! அங்கேயும் ஆயிரம்தான் கணக்கு. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி ஆனால்தான் கூலி. அந்தக் கூலி ஐந்நூறு ரூபாயைக்கூடத் தொடாது!

ஒரே சாயங்காலத்தில் பரோட்டாவுக்கும் ரீசார்ஜுக்கும் நீ விட்ட பணம், அவள் விரலில் எத்தனை நாள்? கூசவில்லையா?

கூசட்டும். கூசினால்தான் பேனா எடுப்பாய்.

எடு! இன்று ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டு. இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. டீக்குக் கொடுத்த பத்து ரூபாயையும் விடாதே. முப்பது நாள் எழுது. உன் பணத்தைத் தின்றது யார் என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, சம்பாதி!

"எங்க ஊர்ல என்ன வேலை இருக்கு?"

கண்ணைத் திற! ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் ஊர் உலகமே குற்றாலத்துக்கு வருகிறது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் கடைவீதியில் குவிகின்றன. நேந்திரங்காய் சிப்ஸ் சுடச்சுடப் பொரிகிறது. சனி, ஞாயிறு கூட்டத்தில் கூட ஒரு கை வேண்டாம் என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்? போய்க் கேட்டாயா?

கடை வேண்டாமா? தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடு. புளியங்குடி எலுமிச்சையில் ஊறுகாய் போட்டு விற்றுப் பார்.

மத்தளம்பாறையைப் பார்! வயலுக்கு நடுவே உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் செய்கிறது ஜோஹோ. பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், கையில் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறது. சின்ன ஊர் என்ற சாக்கு அங்கேயே செத்துவிட்டது!

"காலேஜ் படிச்சிட்டு சிப்ஸ் கடையில நிக்கிறதை யாராவது பார்த்துட்டா?"

பார்க்கட்டுமே! பார்க்கிறவரா உன் ஃபீஸ் கட்டுகிறார்?

வகுப்பைக் கட் அடித்துவிட்டு ஓடாதே. விடுமுறை போதும். 14 வயது ஆகாத பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது குற்றம். 18 ஆகும்வரை ஆபத்தான வேலையில் யாரும் உன்னை வைக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளையா நீ? கிடைக்கிற காசைக் காத்துப் பழகு. 10 வயது முடிந்தாலே அஞ்சலகத்தில் உன் பெயரில் கணக்குத் திறக்கலாம். மாதம் 100 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டால் ஐந்து வருடத்தில் 6,000 ரூபாய். வட்டி தனி!

தோற்றுவிடுவோம் என்று பயமா?

அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. கடைவீதி வெறிச்சோடிவிடும். அறுத்த பழம் அழுகும். கடைக்காரர் ஊரைவிட்டா ஓடுகிறார்? தடை நீங்கியதும் அதே இடத்தில் தட்டை விரிக்கிறார்!

உன் ஊறுகாய் பத்து பாட்டிலும் விற்காமல் திரும்பியதா? பதினோராவது பாட்டிலில் உப்பைக் குறை. மறுபடி போ!

குற்றாலப் பேரருவியைப் பார்த்து வளர்ந்தவன் நீ. பார்த்து வளர்ந்தவள் நீ. ஆடியில் என்ன இரைச்சல்! பங்குனியில் போய்ப் பார். பாறை காய்ந்து கிடக்கும்.

அந்த ஆடித் தண்ணீர் எங்கே போனது? சிற்றாற்றில் இறங்கியது. கால்வாயில் திரும்பியது. குளத்தில் நின்றது. நின்றதுதான் நெல்லானது.

கொட்டியது வேடிக்கை. நின்றதே சோறு!

அடுத்த ஆயிரம் வரப்போகிறது.

கரை போட்டாயா?