இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லையா?

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை நாத்திகம் பேசுகிறவராக வாய்த்துவிட்டால் மாமியார் அவரோடு வாதாடமாட்டார். "நம்பாட்டிப் பரவாயில்லை மாப்பிள்ளை, ஒரு கும்பிடு போட்டு வையுங்க. என்ன குறைஞ்சிடப் போகுது?" என்பார். சாமி இருந்தால் புண்ணியக் கணக்கில் ஏறும். இல்லாவிட்டால் இரண்டு கையைச் சேர்த்த சிரமத்தோடு போகும். இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் மாப்பிள்ளையும் கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். (சிரிப்பு)

அந்த அம்மாளுடைய வாதத்தைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமையலறைப் பேச்சு என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில், பிரான்சு தேசத்தின் தலைசிறந்த மூளைகளில் ஒன்று இதே வாதத்தைக் கையில் எடுத்தது. பிளேஸ் பாஸ்கல் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அழுத்தத்துக்கு அலகு பாஸ்கல் என்று படித்திருப்பீர்களே, அவர்தான். 1623-இல் பிறந்தவர். தகப்பனாருக்கு வரி வசூல் உத்தியோகம். ஓயாத கூட்டல் கழித்தல். அப்பா படும் பாட்டைப் பார்த்துவிட்டு, 19 வயதுப் பிள்ளை பல்சக்கரங்களைக் கோத்து ஒரு கணக்கு எந்திரம் செய்யத் தொடங்கிவிட்டார்.

அவருக்குச் சூதாட்டத்தில் பழக்கமுள்ள ஒரு பிரபு சிநேகிதர். அவர் ஒரு கேள்வி கொண்டுவந்தார். இரண்டு பேர் பணம் வைத்து ஆடுகிறார்கள், ஆட்டம் பாதியில் நின்றுபோகிறது, ஒருவர் கொஞ்சம் முன்னால் இருக்கிறார்; பணத்தை எப்படிப் பிரிப்பது? 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மா என்ற கணித மேதையும் இதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இன்று நிகழ்தகவு என்று பிள்ளைகள் படிக்கிற கணக்கு அந்தக் கடிதங்களில்தான் உருவெடுத்தது. பகடை விழுவதற்கு முன்னாலேயே அதன் எடையைப் போடத் தெரிந்த மனிதர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் கடவுளையும் பந்தயத்தில் வைத்தார்.

அவர் சொன்னது இது. கடவுள் உண்டா இல்லையா என்று அறிவைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்காகப் பந்தயம் கட்டாமல் ஒதுங்கி நிற்கவும் முடியாது. வாழ்கிறாய் அல்லவா, அப்போதே ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டாய். உண்டு என்று கட்டி ஜெயித்தால் முடிவே இல்லாத பேரின்பம். தோற்றால் போவது அளவுக்குட்பட்ட சில சுகங்கள். ஜெயிக்கும் வாய்ப்பு கோடியில் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும், முடிவில்லாததைக் கோடியால் வகுத்தால் வருவதும் முடிவில்லாததுதான். ஆகவே புத்திசாலி உண்டு என்ற பக்கம்தான் கட்டுவான்.

இதை அவர் புத்தகமாக எழுதி முடிக்கவில்லை. 1662-இல், 39 வயதில் போய்விட்டார். துண்டுக் காகிதங்களில் கிடந்ததைத் திரட்டி 1670-இல் வெளியிட்டார்கள்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. என் தகராறு வேறு இடத்தில். இன்று ராத்திரி 9 மணிக்குப் படுத்து 9.05-க்குள் தூங்கிவிட்டால் உங்களுக்கு லட்ச ரூபாய் என்று நான் அறிவிக்கிறேன். தூக்கம் வருமா? லட்ச ரூபாயே உங்களை விடிய விடிய விழிக்க வைத்துவிடும். நம்பிக்கையும் அந்த ஜாதிதான். லாபம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் அது வராது. மழை பெய்கிறது என்று நம்பினால் பரிசு என்றால், வெயிலில் நிற்கிறவன் வாயால் சொல்லலாம், நம்ப முடியாது.

பாஸ்கலுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் எழுத்திலேயே எதிராளி சொல்கிறான்: "கணக்கு சரிதான், ஆனால் என்னால் நம்ப முடியவில்லையே, நான் என்ன செய்ய?" அதற்கு பாஸ்கலின் மருந்து: நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் செய். தீர்த்தம் எடுத்துக்கொள், பூசை வை. செய்யச் செய்ய உன் தர்க்கபுத்தி அடங்கும், நம்பிக்கை தானே வரும்.

இதில் பாதி உண்மை. திருநீறு பூசப் பூச, திருமுறை ஓத ஓத மனம் கனிகிறது என்றுதான் நம் பெரியவர்களும் சொன்னார்கள். ஆனால் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்த பிள்ளைக்கு அது பொருந்தும். படித்து, யோசித்து, "இல்லை" என்ற முடிவுக்கு நேர்மையாக வந்து சேர்ந்த ஒருவரிடம் போய், "லாபத்துக்காக இருக்கிற மாதிரி நடந்துகொள்" என்று சொன்னால், நாம் அவரிடம் கேட்பது பக்தியை அல்ல, ஒரு பொய்யை. அதுவும் யாரிடம் சொல்லும் பொய்? நெஞ்சுக்குள் இருப்பதையெல்லாம் அறிகிறவன் என்று மேடைக்கு மேடை நாமே சொல்கிறோமே, அவனிடம். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், அவர் சமயத்துக்கு வேண்டியவர், விரோதி இல்லை, 1896-இல் இதைப் பளிச்சென்று சொன்னார்: கடவுளின் இடத்தில் நாம் இருந்தால், இப்படிக் கணக்குப் போட்டு வந்தவர்களுக்குத்தான் பரலோகப் பரிசை முதலில் மறுப்போம் என்ற கருத்தில்.

இன்னொரு சங்கடம். எந்தக் கடவுள் மேல் கட்டுவது? பாஸ்கல் மனதில் இருந்தது கத்தோலிக்கக் கடவுள் ஒருவர்தான். பிரான்சிலேயே பின்னால் வந்த தீதரோ கேட்டார்: இதே வாதத்தை ஒரு இமாமும் சொல்லலாமே? அவர் வேடிக்கைக்குச் சொன்னார்; ஆனால் இமாம் கஸ்ஸாலி பாஸ்கலுக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே உண்மையாகவே இதைப் போன்ற ஒரு வாதத்தை எழுதியிருக்கிறார். மறுமை உண்டா என்பது சந்தேகமானாலும் தீயதை விட்டுவிடு, உண்டு என்று ஆகிவிட்டால் நாத்திகன் தொலைந்தான் என்ற கருத்தில் வடமொழியிலும் பழைய சுலோகம் உண்டு. ஆக, பாதுகாப்புத் தேடுகிற ஒரு நாத்திகர் முழுசாகத் தேடுவதென்றால் காலையில் கோயில், மத்தியானம் மசூதி, சாயங்காலம் சர்ச் என்று அலைய வேண்டும். அலைந்தாலும், வேறு தெய்வத்தைத் தொழுவதே குற்றம் என்கிற சமயத்திடம் மாட்டிக்கொள்வார். அதற்கு நாத்திகமே சுகம்!

வால்மீகி ராமாயணத்தில் ஜாபாலி என்று ஒருவர் வருகிறார். சித்திரகூடத்தில் ராமன் அயோத்திக்குத் திரும்ப மாட்டேன் என்கிறான். ஜாபாலி பேசுகிறார்: இறந்துபோன தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு என்ன வாக்கு? சிராத்தத்தில் போடுகிற சோறு செத்தவன் வயிற்றுக்கா போகிறது? கண்ணால் காண்பதை நம்பு, நாட்டை ஆள வா. வாதம் தவறோ சரியோ, தெளிவான வாதம். ராமனுக்குக் கடுங்கோபம் வருகிறது. உடனே ஜாபாலி என்ன சொன்னார் தெரியுமா? நான் நாத்திகனே இல்லை, காலத்தைப் பார்த்து ஆத்திகனும் ஆவேன், நாத்திகனும் ஆவேன், உன்னைத் திரும்ப அழைத்துப்போகத்தான் அப்படிப் பேசினேன் என்றார். முதலில் பேசிய ஜாபாலியோடு ராமன் சண்டை போட முடிந்தது. இரண்டாவதாகப் பேசிய ஜாபாலியோடு யார் என்ன பேச முடியும்? அவர் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. நாத்திகரை ஒரு காப்புக்காகக் கும்பிடச் சொல்கிறவர்கள் அவரை இரண்டாவது ஜாபாலியாக்கப் பார்க்கிறார்கள்.

அப்படி ஆக மறுத்த ஒருவரைச் சொல்கிறேன். டேவிட் ஹியூம், ஸ்காட்லாந்துக்காரர், தத்துவ ஆசிரியர். மதநம்பிக்கை இல்லாதவர் என்று ஊரெல்லாம் பேர். 1776-இல் எடின்பரோவில் நோயால் உடல் உருகிக்கொண்டிருந்தது. ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. பாஸ்வெல் என்ற எழுத்தாளர் சர்ச்சுக்குப் புறப்படத் தாமதமாகிவிட்டது. சர்ச்சுக்குத்தான் போக முடியவில்லை, சாகப்போகிற நாத்திகர் கடைசி நேரத்தில் மனம் மாறுகிறாரா பார்ப்போம் என்று ஹியூம் வீட்டுக்குப் போனார்! இதுவும் ஒருவகை வழிபாடுதான் போல. மறுமை இருக்கக்கூடும் அல்லவா என்று மெல்லக் கேட்டார். நெருப்பில் போட்ட கரி எரியாமல் இருப்பதும் நடக்கக்கூடியதுதான் என்றார் ஹியூம். பேச்சில் நடுக்கம் இல்லை, வேடிக்கை குறையவில்லை. கலங்கியது பாஸ்வெல்தான். ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஹியூம் காலமானார். அவரை ஞானமும் நற்குணமும் நிறைந்தவர் என்று நண்பர் ஆடம் ஸ்மித் எழுதினார். அதற்காக ஸ்மித் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சமல்ல.

நான் முருகனை நம்புகிறவன். ஆனாலும் சொல்கிறேன், அந்த அறையில் இருந்த இருவரில் கடவுள் என்ற பெரிய விஷயத்துக்குத் தகுந்த மரியாதை கொடுத்தவர் ஹியூம்தான். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. நம் பக்கத்திலும் பெரியாருக்கும் குன்றக்குடி அடிகளாருக்கும் நட்பு இருந்ததே. அதற்காக அவர் நாத்திகத்தை விடவில்லை, இவர் திருநீற்றை விடவில்லை. நட்பும் கெடவில்லை.

அப்படியானால் சந்தேகத்தில் இருக்கிறவனுக்கு ஒரு பிடிமானமும் இல்லையா? இருக்கிறது. அதைச் சொன்னவர் கடவுளைப் பற்றி வாதாடாத ஒருவர். கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் என்ற மக்கள் புத்தரிடம் முறையிட்டார்கள். வருகிற சாமியார் எல்லாரும் தன் கொள்கையே சரி, மற்றவன் கொள்கை தப்பு என்கிறார்கள், நாங்கள் யாரை நம்புவது? புத்தர், என் மேல் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. பகையும் வஞ்சமும் இல்லாமல் மனத்தை வைத்துக்கொண்டவனுக்கு ஆறுதல்கள் உண்டு என்றார். மறுவுலகமும் வினைப்பயனும் இருந்தால் அவனுக்கு நற்கதி. இல்லாவிட்டால் இங்கேயே, இந்தப் பிறவியிலேயே, பகையில்லாமல் சுகமாக வாழ்ந்தான். பாருங்கள், இதுவும் இரண்டு பக்கமும் பார்த்த கணக்குதான். ஆனால் இதில் யாரும் நம்பாததை நம்புவதாக நடிக்க வேண்டாம். பாஸ்கல் கொள்கையில் பந்தயம் வைத்தார்; புத்தர் நடத்தையில் வைத்தார். நடத்தை நம் கையில் இருக்கிறது. கொள்கை அப்படி இல்லை.

சரி, பாஸ்கலாவது தம்முடைய பந்தயத்தின் வழியாகக் கடவுளிடம் போனாரா? அதுதான் இல்லை. 1654 நவம்பர் 23, ராத்திரி பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அவருக்கு ஏதோ நேர்ந்தது. தத்துவ அறிஞர்களின் கடவுள் அல்ல, ஆபிரகாமின் கடவுள் என்ற பொருளில், நெருப்பு, ஆனந்தம், கண்ணீர் என்று துண்டு துண்டாக எழுதிவைத்தார். அந்தத் தாளைச் சட்டையின் உள்துணியில் தைத்துக்கொண்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. இறந்த பிறகு ஒரு வேலைக்காரர் துணி தடித்திருப்பதைக் கவனித்து எடுத்தார். நிகழ்தகவுக் கணக்கைக் கண்டுபிடித்த அதே வருஷம்தான் இது நடந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கணக்கு இல்லை.

கடைசிக் காலத்தில் தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைக் குடிவைத்திருந்தார். அவர்கள் குழந்தைக்கு அம்மை கண்டது. பாஸ்கலே நோயாளி, அவர்களை அனுப்பிவிடலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அவர் குழந்தையை அசைக்கக் கூடாது என்று தாம் தமக்கை வீட்டுக்கு மாறிப்போனார். அங்கேதான் உயிர் போயிற்று. இதில் லாபம் எவ்வளவு என்று அவர் வகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி நம்முடைய சங்கதிக்கு வருவோம். பரீட்சையில் பாஸானால் மொட்டை, விசா வந்தால் 108 தேங்காய். கஷ்டத்தில் கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பேரத்திலேயே பழகிய நாம் நாத்திகரைப் பார்த்து "நீயும் ஒரு கும்பிடு போட்டுவை" என்னும்போது அவரைச் சந்நிதிக்கு அழைப்பதில்லை, நம்முடைய வியாபாரத்தில் பங்கு சேரச் சொல்கிறோம். வேண்டாம் என்கிறவர் கடவுளைத்தான் மறுக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

புறநானூற்றில் ஆய் அண்டிரனை முடமோசியார் பாடியது நினைவிருக்கும். இங்கே கொடுத்தால் அங்கே திரும்பி வரும் என்று அறத்தை விலைபேசுகிற வியாபாரி அல்ல இவன், சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான் என்றார். மகாபாரதத்தில் வனபர்வத்தில் தருமபுத்திரரும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். நாடு போயிற்று, சபையில் மானம் போயிற்று, காட்டில் கிடக்கிறோம், நீங்கள் காத்த தருமம் உங்களுக்கு என்ன செய்தது என்று திரௌபதி நெருப்பாகக் கேட்கிறாள். நான் பலனுக்காகச் செய்யவில்லை, கொடுக்க வேண்டியது என்பதால் கொடுக்கிறேன், தருமத்தை வைத்து வியாபாரம் செய்கிறவன் கடைப்பட்டவன் என்கிறார் அவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திரௌபதி அதோடு விட்டாளா? விடவில்லை. பீமனும் சேர்ந்துகொண்டான். அவர்கள் இருவரும் கேட்ட கேள்விகள் சாமானியமானவை அல்ல. மணி ஒன்பதாகிவிட்டது, அவற்றை நாளைக்கு எடுத்துக்கொள்வோம்.