இரண்டாம் வாய்ப்பும் இளமைக் காதலும்

மனித வாழ்வில் “மீண்டும் ஒரு முறை” என ஏங்காதார் இலர். அவ்வேக்கம் பெரும்பாலும் பாடசாலைக் காலத்தையே நாடிச் செல்வதை நாம் காண்கின்றோம். எழுதத் தவறிய விடை, சொல்லத் தயங்கிய சொல், கொடுக்காமலே கிழித்தெறிந்த கடிதம் ஆகிய யாவும் அங்கேதான் எஞ்சிக் கிடக்கின்றன. இன்றைய அறிவோடு அன்றைய வகுப்பறையில் மீண்டும் அமரும் வாய்ப்பு ஒருவருக்குக் கிட்டுமாயின், அதனை அவர் ஏற்பது தகுமா? வெறும் கற்பனை போலத் தோன்றும் இவ்வினாவினுள் ஓர் அறப் பிரச்சினை அடங்கியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இரண்டாம் வாய்ப்பின் இருவகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று கல்விக்குரியது. எமது நாட்டிற் பல்கலைக்கழக அனுமதியை நாடும் ஒருவர் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அமரலாம். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வயது முதிர்ந்தோருக்கும் உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது. இவ்வேற்பாடுகளின் பின்னால் ஒரு நீதிக் கொள்கை உண்டு. பதினெட்டு வயதில் ஒருவர் அடையும் தோல்வி முழுவதும் அவருடையதாகாது. ஆசிரியர் இல்லாத பாடம், வயல் வேலைக்கென இழந்த நாட்கள், பேருந்து வராத காலை என்பவற்றுக்கும் அதிற் பங்குண்டு. நாவுல போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆதலால், மறுமுறை எழுதுவதை உரிமையென்றே கொள்ளுதல் தகும். அன்றியும், ஒருவர் மறுமுறை பரீட்சை எழுதுவதற்காக இன்னொருவர் தாம் வாழ்ந்த வாழ்வைக் கைவிட நேர்வதில்லை.

காதலுக்குரிய இரண்டாம் வாய்ப்போ இத்தகையதன்று, அது இருவருக்குரியது. 2018இல் வெளிவந்த, சி. பிரேம்குமார் இயக்கிய ‘96’ என்னும் திரைப்படம் இதனை நன்கு உணர்த்துகின்றது. தஞ்சாவூரில் ஒரே வகுப்பிற் பயின்ற ராமும் ஜானுவும் நீண்ட காலத்தின் பின் பழைய மாணவர் ஒன்றுகூடலிற் சந்திக்கின்றனர். அவன் மணமாகாதவன், அவள் சிங்கப்பூரிற் கணவனோடும் மகளோடும் வாழ்பவள். ஓர் இரவு முழுவதும் பேசுகின்றனர். பின்னர் அவள் விமானமேறுகின்றாள். இடையே, அவளை ராமின் மனைவியென எண்ணிக்கொள்ளும் அவனுடைய மாணாக்கருக்கு, தாங்கள் பிரியாது கூடியதாக ஒரு கதையை அவள் கூறுகின்றாள். நிகழாத இறந்தகாலத்தை அவள் சொல்லளவில் வாழ்ந்து பார்க்கின்றாள். பார்ப்போர் நெஞ்சை உருக்கும் இடம் அது. ஆயினும் அக்கதை கதையாகவே விடப்படுகின்றது. அதனை மெய்யாக்க அவர்கள் முனைந்திருப்பின், அவ்விடத்தில் இல்லாத ஒரு கணவனும் ஒரு குழந்தையும் அதற்கு விலை கொடுத்திருப்பர்.

இவ்விலையைப் பற்றிப் பாரதம் முன்னரே பேசியுள்ளது. சுக்கிரரின் சாபத்தால் முதுமையுற்ற யயாதி, அம்முதுமையை ஏற்றுத் தமது இளமையைத் தருமாறு தன் மைந்தரை வேண்டினான். நால்வர் மறுத்தனர், இளையவனாகிய பூரு இசைந்தான். ஆயிரம் ஆண்டுகள் இன்பந் துய்த்தும் வேட்கை தணியாமை கண்ட யயாதி, ஈற்றில் இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்தான். ஆசையின் அடங்காமைக்கு எடுத்துக்காட்டாக இக்கதையைக் கூறுவது வழக்கம். எனக்கு இதில் வேறொன்றும் புலப்படுகின்றது. தந்தை பெற்ற இரண்டாம் இளமை, மைந்தன் இழந்த முதல் இளமையாகும். எனவே, இரண்டாம் வாய்ப்பை வேண்டும் எவரையும் நோக்கி நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அதன் செலவை ஏற்பவர் யார் என்பதே.

இக்கேள்வியோடு எமது கிராமத்துப் பாடசாலைக்கு வருவோம். மாணவப் பருவக் காதலொன்று வெளிப்பட்டதும் அங்கு நிகழ்வதென்ன? மாணவன் அடியோ ஏச்சோ பெற்று, மறுவாரம் வகுப்பிற்குத் திரும்புகின்றான். மாணவியின் படிப்போ பல வீடுகளில் அன்றோடு நிறுத்தப்படுகின்றது. அவளது சீருடை மடித்து வைக்கப்படுகின்றது, மாப்பிள்ளை தேடப்படுகின்றது. இவ்வழக்கம் முற்றாக அற்றுப் போய்விடவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்த பின், அந்நாட்கள் எத்துணை இனியவை என அவன் நண்பர்களிடம் கூறி மகிழ்வான். அவனுக்கு இனிய நினைவாக எஞ்சிய அதே நிகழ்ச்சி, அவளுக்கு எழுதப்படாத ஒரு பரீட்சையாக எஞ்சியுள்ளது. இருவரும் அவ்வகுப்பறைக்கு மீள விரும்பலாம். அவன் மீள்வது அவள் அமர்ந்திருந்த வாங்கை நோக்கி. அவள் மீள்வது கரும்பலகையை நோக்கி.

காதலே இல்லாத பள்ளிப் பருவம் வேண்டுமென்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. காதல் குற்றமன்று, அதற்குரிய தண்டனையை ஒருத்தி மாத்திரம் சுமப்பதே குற்றம். அவ்வாறாயின் இழந்ததை மீட்க வழியே இல்லையா?

நாவுலவுக்கு அண்மையிலுள்ள நாலந்தா கெடிகே இதற்கு ஓர் உவமை தருகின்றது. பல்லவர் கலைமரபின் சாயல் கொண்ட, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கற்கட்டடம், நீர்த்தேக்கத்தின் நீர் உயர்ந்து மூழ்கும் நிலையில் இருந்தது. அதனைக் கல் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் மீள அமைத்தனர். கற்கள் அவையே; நிலம் வேறு. இழந்த நிலத்தையே பற்றிக்கொண்டு நின்றிருப்பின் கற்களும் நீருள் மறைந்திருக்கும். இளமைக்கும் இது பொருந்தும். அன்றைய காலத்தை எவராலும் மீட்க இயலாது. அன்றிருந்த கற்கும் ஆவலையும் அன்பையும் துணிவையும் பெயர்த்தெடுத்து இன்றைய நிலத்தில் அமைத்தல் இயலும். முப்பது வயதில் மீண்டும் பரீட்சை மண்டபத்துள் நுழையும் பெண் இதனைச் செய்கின்றாள்.

ஆடவனுக்கும் ஒரு வழியுண்டு. அன்று வகுப்பிற்குத் திரும்பிய மாணவன் இன்று தந்தையாக இருக்கின்றான். அவனுடைய மகளின் புத்தகத்திலோ கைப்பேசியிலோ ஒரு காதற் கடிதம் அகப்படும் நாள் வரலாம். மறுநாட் காலையில் அவளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றானா இல்லையா என்பதிலேயே அவனது இரண்டாம் வாய்ப்புத் தங்கியுள்ளது.