ஊதியமும் உடனிருத்தலும்

பொருளீட்டுதல் இல்லறத்தானின் கடமை. மார்க்கமும் அதனை வலியுறுத்துகின்றது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு திருமறை பணிக்கின்றது. குடும்பத்திற்காகச் செலவிடும் காசுக்கே நற்கூலி மிகுதி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள். ஆகவே, கூடுதல் ஊதியம் நாடிச் செல்வோரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது நீதியாகாது. எனினும், அந்தக் கூடுதல் ஊதியத்திற்கு விலையாகக் கொடுக்கப்படுவது எது, கொடுப்பவர் யார் என்று வினவாதிருப்பதும் நீதியாகாது.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற நம் ஊர்களுக்குச் 'சபர்' புதிதன்று. இலங்கை, பர்மா, மலாயா என்று கப்பலேறிய காலம் போய், 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின் வளைகுடா நாடுகள் நம் இளைஞர்களை ஈர்த்தன. அங்கோ விடுமுறை அளவானது. சவூதி அரேபியத் தொழிற்சட்டம் உறுதி செய்வது ஆண்டுக்கு 21 நாள். ஒரே முதலாளியிடம் 5 ஆண்டுகள் பணிபுரிந்தபின் 30 நாள். ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் ஓராண்டு நிறைத்தவருக்கு 30 நாள் வழங்குகின்றது. குடும்பத்தை ஊரில் விட்டுச் சென்ற ஒருவர், ஆண்டுக்கொரு மாதமாக 20 ஆண்டுகள் வந்துபோனால், அந்த 240 மாதங்களில் மனைவி மக்களோடு அவர் வாழ்ந்தது 20 மாதங்களே. தொட்டிற் குழந்தை வாலிபனாகும் காலமெல்லாம் சேர்ந்தும், தந்தையின் அருகாமை அவனுக்குக் கிட்டியது இரண்டாண்டுக்கும் குறைவு!

ஆண்டுதோறும் இன்னுமொரு மாதத்தைச் சம்பளமில்லா விடுப்பாக அவர் கேட்டுப் பெறுவாரானால், இழப்பது ஆண்டு வருவாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு; பெறுவதோ இருமடங்கு இல்வாழ்வு. காலமும் கூலியின் ஒரு வடிவமே என்பதை ஹாலந்து நாட்டுத் தொழிலாளர் முன்னரே உணர்ந்தனர். 1982-இல் வாசனார் என்னும் ஊரில் ஏற்பட்ட உடன்படிக்கையில், ஊதிய உயர்வை மட்டுப்படுத்திக்கொள்ள அவர்தம் சங்கங்கள் இசைந்தன. வேலைநேரக் குறைப்புக்கு வழி பிறந்தது. வேலையின்மையைத் தணிப்பதே அதன் முதல் நோக்கமாயினும், அதில் நமக்கும் பாடமுண்டு.

"கடனாளிக்கு இக்கணக்குப் பொருந்துமா?" என்று சிலர் கேட்கலாம். பொருந்தாதுதான். கடனடைப்பதும் பிணியுற்ற பெற்றோரைப் பேணுவதும் தள்ளிவைக்கக்கூடிய கடமைகள் அல்ல. விடுப்புக் கேட்டாலே வேலை போய்விடும் என்னும் நிலையில் இருப்போர் மீதும் குற்றமில்லை. தேர்ந்துகொள்ள இடமுள்ளோரை நோக்கியே இவ்வினா எழுகின்றது. அவர்களுள்ளும் பலர், 'இன்னும் இரண்டே ஆண்டு' என்று தவணை சொல்லிச் சொல்லி முதுமையை எட்டிவிடுகின்றனர். பெண்மக்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் வழக்கம், ஊரை அழைக்கும் திருமண விருந்து, அண்டை வீட்டைவிட உயரமான மாடி — இவற்றுள் தேவை எது, ஊரார் பார்வைக்கு அஞ்சிச் செய்வது எது? செல்வப் பெருக்கத்தின் போட்டி மண்ணறை வரை மனிதனைப் பராக்காக்கிவிடும் என்று திருமறை எச்சரிப்பது நமக்கும் சேர்த்துத்தானே!

பயணம் வேதனையின் ஒரு பகுதியென்றும், காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டுமென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கணவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தனிமையில் வாடிய பெண்ணொருத்தியின் புலம்பலைக் கலீபா உமர் (ரலி) அவர்கள் கேட்க நேர்ந்தது. அதன்பின் தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் கலந்து, போர்வீரர் வீடு பிரிந்திருக்கும் காலத்திற்கு அவர்கள் எல்லை வகுத்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நாட்டைக் காக்கும் பணிக்கே எல்லை உண்டெனில், கடைக் கல்லாவுக்கும் கணக்கு மேசைக்கும் எல்லை இல்லாதிருக்குமா?

குழந்தையைப் பால்மறக்கச் செய்வதற்குங்கூடப் பெற்றோர் இருவரும் கலந்து இசைய வேண்டும் என்பது அல்-பகரா அத்தியாயம் காட்டும் நெறி. தாய்ப்பாலை மறப்பிக்கவே ஆலோசனை வேண்டுமெனில், தந்தையையே மறப்பிக்கும் முடிவை ஒருவர் தனித்து எடுக்கலாகுமா? ஆதலால், அடுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் மனைவியையும் வளர்ந்த மக்களையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். வரவிருக்கும் பணத்தை எண்ணும் அதே தாளில், பிரிந்திருக்கப் போகும் மாதங்களையும் எழுதுங்கள். இரண்டையும் பார்த்தபின் அவர்களும் மனமொப்பிப் 'போய் வாருங்கள்' என்றால், அப்பயணத்தில் பரக்கத் உண்டு. 'இருப்பது போதும்' என்பார்களானால், அந்தச் சொல்லையும் அல்லாஹ் அளித்த ரிஸ்காகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.