தொண்டுக்குக் கூலியா?

சென்ற விடுமுறையில் நம் பிள்ளைகளின் டியூஷன் வகுப்புக்குப் பாடம் சொல்லித்தரப் பல்கலைக் கழக மாணவர் ஒருவரை அழைத்தோம். "கடையில் வேலைக்குப் போகிறேன், மன்னியுங்கள்" என்றார். சமூக அக்கறை இல்லாதவர் என்று நமக்குள் பேசிக்கொண்டோம். ஏதேனும் தொகை கொடுத்து அழைத்தாலென்ன என்று ஒருவர் கேட்டபோது, கூலி வாங்கியபின் அது தொண்டாகுமா என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நாமும் தலையசைத்தோம்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இக்கேள்விக்கு வேறு விடை கண்டிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், இலவச மருத்துவ நிலையங்களில் உதவவும் முன்வரும் மாணவருக்கு எட்டுப் பத்து வாரங்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள். அங்கே பல மாணவர்கள் அடுத்த ஆண்டுச் செலவுக்குக் கோடையிலேதான் சம்பாதிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வா என்றால், வசதியுள்ளவனே வருவான்.

1964-ம் ஆண்டுக் கோடையில், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்விக்க மிஸிஸிப்பி மாநிலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்கள் சென்றனர். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். உயிருக்கே ஆபத்தான பணி. தொடக்கத்திலேயே மூவர் கொல்லப்பட்டனர். ஆனால் ஜாமீனுக்கென்று 500 டாலரும், தம் செலவுக்குப் பணமும் தாமே கொண்டுவர வேண்டுமென்பது நிபந்தனை. சென்றவர்களில் மிகப் பலர் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்ததில் வியப்பென்ன? அவர்கள் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. மனமிருந்தும் வரமுடியாமற் போனவனைப் பற்றியே பேசுகிறோம்.

நம் மார்க்கத்தைப் பாருங்கள். ஸக்காத் பெறத் தகுந்த எட்டு வகையினரைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எண்ணிச் சொல்கையில், ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் அடுத்தபடியாக, அதற்கென உழைக்கும் ஊழியர்களையே வைக்கிறது. கடனாளியும் வழிப்போக்கனும் அவர்களுக்குப் பின்னரே. ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீபாவான பின்னரும் துணி விற்கக் கடைவீதிக்குப் புறப்பட்டதும், தோழர்கள் தடுத்துப் பைத்துல்மாலிலிருந்து குடும்பத்துக்குப் போதுமான படி நிர்ணயித்ததும் நாமெல்லாரும் கேட்ட வரலாறுதானே! அதனால் அவர்கள் தொண்டு கூலிவேலையாகிவிட்டதா?

பணத்துக்காகவே வருபவனும் இருப்பான், மறுக்கவில்லை. பெயருக்காக வருபவன் இல்லையா? மேடையில் மாலை வாங்குபவரின் நிய்யத்தை நாம் சோதிப்பதில்லை. பஸ் கட்டணம் கேட்கும் பையனுடையதைத்தான் சோதிக்கிறோம். (மாலைக்கும் சங்கப் பணந்தான் செலவாகிறது.) கொடுக்கும் தொகை அவன் இழக்கும் கூலியை ஈடுசெய்தால் போதும், அதற்குமேல் கொடுத்தால் பெரியவர்களின் அச்சத்துக்கு நியாயமுண்டு.

சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகங்களின் நீண்ட விடுமுறை மே மாதம் தொடங்குகிறது. இம்முறை அந்த மாணவரிடமே முதலில் போக எண்ணியிருக்கிறோம். கடையில் அவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்கவேண்டும். சென்ற முறை அதைக் கேட்கவில்லை.