பகல் இரண்டு மணிக்கு ஒரு பெஞ்சு

மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலை ஆறு மணிக்குப் போனால், பெண்களுக்கு அங்கே குறையொன்றும் இல்லை என்றுதான் தோன்றும். சேலைக்கு அடியில் ஸ்போர்ட்ஸ் ஷூ தெரிய, கையை வீசிக்கொண்டு வட்டம் வட்டமாக நடக்கிறார்கள். சர்க்கரை, மூட்டுவலி, தைராய்டு என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். காரணம் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார ஒரு பெண் வந்தால்தான் சிக்கல். ஆண் ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு பெஞ்சில் தூங்கலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே பெஞ்சில் ஒருத்தி அரைமணி நேரம் தனியாக இருந்தால், யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று நாலு பேர் கண்ணாலேயே கேட்டுவிடுவார்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011-இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் இதை உரிமைப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசியது. காரணம் சொல்லாமல் பொது இடத்தில் இருக்க ஒரு பெண்ணால் முடிகிறதா என்பதே அந்த நூலின் கேள்வி.

சென்னையில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் பகல் இரண்டு மணி. அடையாறிலும் தி.நகரிலும் வீட்டு வேலை செய்யும் பெண்களில் பலர், முன்பு அதே பகுதிகளின் ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குடியிருந்தவர்கள். 2000-க்குப் பிறகு தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும், அப்புறம் பெரும்பாக்கத்துக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் இன்னும் வேகமாகவும் அந்தக் குடும்பங்கள் மாற்றப்பட்டன. வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. விடிகாலையில் பஸ் பிடித்து வந்து மூன்று வீடுகளை முடிக்க மணி பன்னிரண்டு, ஒன்று ஆகிவிடும். சாயங்காலப் பாத்திரத்துக்கு நாலு மணிக்கு மறுபடி நிற்க வேண்டும். நடுவில் பெரும்பாக்கம் போய்த் திரும்ப நேரம் போதாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; காசு மிச்சமானது, தூரம் குறையவில்லை. ஆகவே அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஜெனரேட்டர் பக்கத்தில், துடைப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள். கார் வந்தால் காலை மடக்கிக்கொள்ள வேண்டும்.

நாலு வீடு தள்ளி மாநகராட்சிப் பூங்கா இருக்கும். வேப்பமர நிழல், காலியான பெஞ்சுகள். நகரத்தின் பல பூங்காக்கள் நெடுங்காலம் காலை நடை முடிந்ததும் பூட்டப்பட்டு மாலையில்தான் திறக்கப்பட்டன. நடைப்பயிற்சிக்காரர்களின் நாளுக்குக் கச்சிதமாகப் பொருந்திய நேரம் அது. வேலைக்கு வரும் பெண்ணின் ஓய்வு முழுக்கப் பூட்டுக்கு வெளியே போனது. இப்போது பல இடங்களில் பகலிலும் திறந்திருப்பது நல்ல மாற்றம். ஆனாலும் கட்டைப் பையும் களைத்த முகமுமாக உள்ளே நுழைகிறவளைப் பார்த்து, "இங்க என்னம்மா வேலை?" என்று வாட்ச்மேன் கேட்டால், அவருக்குக் காட்ட அவளிடம் டாக்டர் சீட்டு கிடையாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. எல்லோரையும் எந்நேரமும் விட்டால் கண்டவர்களும் வந்து படுப்பார்கள், அப்புறம் பெண்கள் வரவே பயப்படுவார்கள் என்பது அது. அந்தப் பயத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கூட்டமான பஸ்ஸிலும் ரங்கநாதன் தெருவிலும் உரசலைத் தாங்கி வந்தவள் முன்னெச்சரிக்கையாக இருப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வாதத்தில் 'பெண்கள்' என்று சொல்லும்போது யாரை எண்ணிச் சொல்கிறோம்? மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள் அந்தக் கணக்கில் வரவில்லை என்றால், அங்கே காக்கப்படுவது பெண்களின் பாதுகாப்பு இல்லை, ஒரு வகுப்பாரின் வசதி.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் லூப் சாலையில் இந்த ஒதுக்கல் வெளிப்படையாகவே நடந்தது. மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுக்க, கடைகள் அகற்றப்பட, அங்கே வாழும் நொச்சிக்குப்பத்து மீனவ மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். அடுத்த ஆண்டு புது மீன் அங்காடி திறக்கப்பட்டது. அந்தக் கரையில் வெட்டவெளியில் நாள் முழுக்க உட்கார்ந்து, உரத்துப் பேசி, ஆண்களோடு சரிக்குச் சரி பேரம் பேசிய பெண்கள் யார்? மீன்காரிகள்தான். இருட்டும் நேரத்தில் தனியாகக் கடற்கரைக்கு வரும் கல்லூரிப் பெண்ணுக்கு, எந்தக் கேமராவையும்விட அவர்கள் கண்ணெதிரில் இருப்பது தைரியம். அழகுபடுத்துகிறோம் என்று அவர்களை ஒதுக்கும் ஒவ்வொரு திட்டமும் மற்றப் பெண்களின் தைரியத்திலும் கைவைக்கிறது.

நிறத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. "வெயில்ல சுத்தாத, கறுத்துடுவ" என்பது தமிழ் வீடுகளில் ஒரு பெண் குழந்தை காதில் விழும் முதல் விதிகளில் ஒன்று. அண்ணன் பகல் முழுக்கக் கிரிக்கெட் ஆடலாம். அவள் குடை பிடித்து டியூஷன் போய்வர வேண்டும். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி சிவப்பழகு க்ரீம் அந்தப் பயத்தை ட்யூபில் அடைத்து விற்றது. 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை ஆரம்பித்தபோது, பேச்சு பெரும்பாலும் விளம்பரம், கல்யாணச் சந்தை பற்றியே இருந்தது. அதே பயம் வெயிலையும் மைதானத்தையும் கடலையும் பெண்ணிடமிருந்து பிடுங்கிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுத்த மேனியோடு வெயிலில் நிற்பவளைப் பார்த்து இந்த ஊர் உடனே சாதியையும் கூலியையும் கணக்குப் போடுகிறது. வாட்ச்மேன் கேட்கும் கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

பெசன்ட் நகர் கடற்கரையில் பெண்கள் கூட்டமாக வந்தால் ஒருத்தி மட்டும் தண்ணீருக்குப் போகாமல் மணலிலேயே நிற்பாள். எல்லோருடைய செருப்பும் கைப்பையும் அவள் பொறுப்பு. முழங்கால்வரை சேலையைத் தூக்கிப் பிடித்து அலையில் நிற்பவர்களும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். பொழுதுபோக்கிலும் ஒருத்தி வேலை பார்க்கிறாள். பொருள்களைப் பூட்டி வைக்க ஒரு பெட்டகமும் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கழிப்பறையும் இருந்தால் அவளும் அலைக்குப் போகலாம்.

வெட்டவெளி ஆற்றும் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சில்லை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளைப் பற்றி ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டும் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கார் நிறுத்தும் தளத்தின் சுவரைப் பார்த்துச் சாப்பிடும் பெண்ணுக்கு அந்த மரம் மருத்துவக் காரணத்துக்காக மட்டும் கிடைக்க வேண்டியதில்லை. அவள் உடம்பு தேறினால் நாளை இன்னும் நன்றாக வேலை செய்வாள் என்பதற்காக நிழலைத் தருவது தருமம் ஆகாது. அவளும் இந்த ஊர்க்காரி, அது போதும்.

பெண்களுக்கென்று தனிப் பூங்கா வைக்கலாமே என்பவர்கள் உண்டு. சில பெண்களுக்கு முதல் படியாக அது உதவும். ஆனால் தனிப் பூங்காவிலும் வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்பார். அவர் யாரை உள்ளே விடுகிறார் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

பகலில் யாரும் வருவதில்லையே, எதற்குத் திறந்து வைப்பது என்று கேட்பார்கள். வராததற்குக் காரணம் இடத்திலேயே இருக்கலாம். 1990-களில் வியன்னா நகரத்தில் பத்து வயதை ஒட்டிய சிறுமிகள் பூங்காவுக்கு வருவதையே நிறுத்திக்கொள்வதை ஆய்வொன்று கண்டது. சிறுமிகளுக்கு ஆர்வமில்லை என்று நகரம் விட்டுவிடவில்லை. 1999-இல் ஐன்சீட்லர் பூங்காவை மாற்றி அமைத்தது. பந்தாட்டக் களத்தைப் பையன்களே பிடித்துக்கொள்ளாதபடி இடத்தைப் பிரித்தது. சிறுமிகள் திரும்ப வந்தார்கள்.

இங்கே அப்படியொரு மாற்றத்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு முதலில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களுடையது. அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத்தான் பகல் இரண்டு மணிக்காரி கழுவுகிறாள். நடைப்பயிற்சிக் குழுவின் பேச்சைக் கவுன்சிலர் கேட்கிறார். நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவியும் மனுக் கொடுத்தே வந்தவை. அடுத்த மனுவில் பகலெல்லாம் திறந்த கேட், குடிதண்ணீர்க் குழாய், பூட்டப்படாத கழிப்பறை, படுத்தாலும் எழுப்பக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு எழுத்தில் ஓர் உத்தரவு ஆகிய நான்கையும் கேட்கலாம். கையெழுத்துப் போடும் இடத்தில், வேலைக்கு வருகிறவளின் பெயருக்கும் ஒரு வரி விடலாம்.