அத்துவைதமும் ஆலய வாயிலும்

உயிர்கள் யாவும் ஒன்றே எனக் கூறும் மெய்யியல் தழைத்த நாட்டிலேயே, மனிதனை மனிதன் தீண்டலாகாது என்ற வழக்கமும் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. ஓர் உண்மையை அறிவால் ஏற்றுக்கொண்டு வாழ்வில் அதனை மறுப்பவன், அவ்வுண்மையை அறிந்தவன் ஆவானா? இவ்வறவியல் வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் கேரளத்து நாராயண குரு.

1856இல் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஈழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அக்காலத் திருவிதாங்கூரில் ஈழவர்க்குப் பெருங்கோயில்களினுள் நுழையும் உரிமை இருக்கவில்லை. கோயிலைச் சூழ்ந்த தெருக்களிற்கூடப் பல இடங்களில் அவர்கள் நடக்கலாகாது. வடமொழியும் வேதாந்தமும் கற்று, தமிழிலும் தேர்ச்சி பெற்ற குரு, துறவு பூண்டு மருத்துவாமலையில் தவம் இயற்றினார். 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லொன்றை அருவிப்புறத்தில் சிவலிங்கமாக நிறுவினார். பிரதிட்டை செய்யும் அதிகாரம் பிராமணர்க்கே உரியது என்ற மரபு அன்று ஆரவாரமின்றி மீறப்பட்டது.

அத்துவைத மரபினர் சிலர் இங்கு ஒரு தடை கூறுவர். பரமார்த்திக நிலையிலேயே எல்லாம் ஒன்று. வியவகாரிகமாகிய உலகியல் நிலையில் வேறுபாடுகள் இருந்தே தீரும். எனவே சாதியொழுக்கம் பேணுதல் அத்துவைதத்துக்கு மாறானதன்று என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இரு நிலைகளையும் பிரித்துணராவிடின் அத்துவைதமே நிலைபெறாது. ஆயினும், தோற்றமெனத் தாம் கூறும் ஒன்றைக் காப்பதற்காக ஆலய வாயிலில் நின்று ஒருவனைத் தடுப்பவர், அத்தோற்றத்தையே மெய்யெனக் கொண்டவராகின்றார் அல்லரோ? பசியும் உலகியல் நிலைக்கு உரியதே. எனினும் பசித்தவனுக்கு உணவு மறுப்பதை எந்த ஞானியும் அறமெனக் கொள்ளார்.

குருவின் வழியிலும் இடர்கள் இருந்தன. ஒதுக்கப்பட்டோர்க்கெனத் தனிக்கோயில் அமைப்பது ஒதுக்கலையே மறைமுகமாக ஏற்பதாகாதா எனக் கேட்கலாம். 1903இல் அவரைத் தலைவராகக் கொண்டு உருவான ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமும், ஒரு சாதியின் சங்கமாகக் குறுகும் போக்கினைக் காட்டியது. குரு இதனை உணர்ந்திருந்தார். தாம் எச்சாதிக்கும் உரியவரல்லர் என 1916இல் வெளிப்படையாக அறிவித்தார். ஈழவர் தமக்குக் கீழோராகக் கருதிய புலையரையும் சமமாக ஏற்கவேண்டுமென வலியுறுத்தினார். இனி எழுப்பவேண்டிய தலையாய ஆலயம் பாடசாலையே என 1917இல் அறிவுறுத்தினார். 1927இல் களவங்கோட்டில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியொன்றை நிறுவினார். வழிபட வந்தவன் அங்குத் தன் முகத்தையே கண்டான்.

1928இல் குரு மறைந்தார். திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் 1936இல் இந்துக்கள் யாவர்க்கும் திறக்கப்பட்டன. குரு 1918இல் வந்து சென்ற இலங்கையிலோ, ஐம்பது ஆண்டுகளின் பின்னும் வாயில்கள் மூடியிருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தபோது, தடுத்தோரின் முன்னணியில் நின்றவர் ஒருகாலத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். கல்வி தன்னளவில் எக்கதவையும் திறந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒருமையை அறிதல் வேறு, ஒருமையில் ஒழுகுதல் வேறு எனப் பிரிப்பது கற்றோர்க்கு வாய்ப்பான பிரிவினையாகும். குரு அப்பிரிவினையை ஏற்கவில்லை. அயலானுக்கு வாயிலைத் திறவாத ஞானம், நூலறிவே அன்றி ஞானமாகாது.